விரலில் பதம் பார்த்த எண்ணெய்

அண்ணன் மறைந்து இந்த ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. அவரோடு பழகியவர்களுக்கும் உறவினர்களுக்கும் கொடுப்பதற்காக இந்தச் சிறு மலரை அச்சிட்டிருக்கிறோம். அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி அண்ணி என்னிடம் சொன்னார். அவர் செய்த நல்லவற்றோடு, அவர் செய்த ஒரு தவற்றையும் இதில் எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிட்டால் கடைசி ஆண்டில் அவர் எதற்காக அத்தனை அலைச்சல் பட்டார் என்பது யாருக்கும் விளங்காது. அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன். "அவரே சொல்லணும்னுதான் இருந்தாரு. நீ எழுது" என்றார்.

புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பெற்றோருக்கு முதல் பிள்ளையாக அண்ணன் பிறந்தார். அவருக்குப் பிறகு அக்கா, அக்காவுக்குப் பிறகு நான். வீட்டில் தமிழ், சந்தையிலும் தாலுகா ஆபீசிலும் தெலுங்கு என்பது எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கெல்லாம் பொதுவான வழக்கம். அண்ணன் பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் படித்தார். கணக்கைத் தமிழில் போட்டார். மாடுகளை இரண்டிலும் திட்டினார்.

நைனா என்று நாங்கள் அழைத்த அப்பா விஷக்காய்ச்சலில் போனபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. கிணறு வற்றாத ஒரு துண்டு நிலமும், அதில் போட்ட கரும்பும், ஊர்ப் பொதுவில் இருந்த ஒரு கானுகயும்தான் குடும்பத்துக்கு ஆதாரம். கரும்பு ஆட்டும் உருளையையும் அதைச் சுற்றியுள்ள வெல்லக் கொட்டகையையும் சேர்த்து எங்கள் ஊரில் கானுக என்பார்கள். அந்த வருமானத்தில் அவர் அக்காவைக் கட்டிக் கொடுத்தார். என்னைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். நான் அங்கேயே ஒரு தினசரியில் வேலைக்குச் சேர்ந்தபோது, "தெனமும் பொய் எழுதாம சம்பளம் குடுப்பானா?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவைக் கொடுத்த இடம் திருத்தணிக்குப் பக்கத்தில். மாமா பஸ் டிரைவர். திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போய்வரும் தனியார் பஸ் ஒன்றை ஓட்டினார். அண்ணனைவிட வயதில் சிறியவர். வாய் கொஞ்சம் துடுக்கு. அண்ணனுக்கு அவரைப் பிடிக்கும். தங்கை வீட்டுக்காரர் என்பதால் 'நீங்க' என்றுதான் பேசுவார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கானுகயில் அந்தப் பருவத்தின் முதல் பாகுக் கொப்பரை அடுப்பிலிருந்து இறங்கியதும் ஓர் உருண்டை வெல்லம் சாமிக்குப் போகும். மீதியைக் கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு எடுத்து வைப்பார்கள். பொங்கலுக்கு முன்னால் அண்ணன் அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, திருத்தணியில் இறங்கி, அக்கா வீட்டுக்கு நடந்து போவார். வேறு யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டார்.

வெல்லம் காய்ச்சுவதில் அவருக்கு இருந்த கைப்பக்குவத்தை இந்த மலரை வாங்கும் பலரும் அறிவார்கள். சித்தூர் மண்டியில் மூட்டையைப் பிரித்து நிறத்தைப் பார்த்தே எந்த ஊர் வெல்லம் என்று சொல்லுவார்கள். கொதிக்கும் பாகில் குச்சியை முக்கி எடுத்து, தண்ணீரில் நனைத்த கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல இழுப்பார். பாகு கம்பியாக நீளும். அந்தக் கம்பி அறுகிற விதத்தைப் பார்த்து, "எறக்கு" என்பார். ஒரு நொடி முன்னால் இறக்கினால் வெல்லம் கசியும். பின்னால் இறக்கினால் கருகும். அவருடைய வலது கைக் கட்டை விரலின் நுனியில் சுரணை போயிருந்தது. இடது கையால் பதம் பார்த்தபோதும் ஒருமுறைகூடப் பிசகியதில்லை என்று சொல்லுவார்கள். அதை நான் பார்த்ததில்லை.

எங்கள் பக்கத்தில் எல்லாரும் எதையும் விரலில் வைத்துத்தான் நம்புவோம். பாகு, நெய், சுண்ணாம்பு, வண்டி அச்சுக்குப் போடும் மை எல்லாமே கெட்டியாக இருந்தால் நல்லது, தண்ணியாக இருந்தால் கலப்படம். அண்ணனின் தவறு இந்த நம்பிக்கையிலிருந்து வந்தது.

ஆந்திர மாநிலம் பிறந்த அடுத்த வருடம் ஊரார் மூன்று பேரும் அண்ணனுமாகச் சேர்ந்து ஓர் ஆயில் இன்ஜினை வாங்கினார்கள். பழைய இன்ஜின்; ஒற்றை சிலிண்டர். அதுவரை மாடுகள் சுற்றி வந்த கானுக, பெல்ட்டில் சுற்ற ஆரம்பித்தது. இன்ஜினை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது அண்ணன், கொப்பரை அடுப்புக்கு அருகிலேயே மேடை கட்டச் சொன்னார். மழைக்குக் கூரை இருக்கும், ஒரே ஆள் கொப்பரையையும் இன்ஜினையும் கவனிக்கலாம் என்பது அவர் கணக்கு. யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் அளவுக்கு யாருக்கும் தெரியாது.

அடுப்பில் கரும்புச் சக்கை எரியும். காற்று அடித்தால் அனல் நேராக இன்ஜின் மேல் போகும். இன்ஜினைக் குளிரவைக்கும் தொட்டித் தண்ணீர் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். அதில் முட்டை வேகவைத்துத் தின்றதாகக்கூட ஒரு கதை உண்டு. இன்ஜினுக்குள் எண்ணெய் குறைந்தால், இருப்பதன் மேலேயே புதிதை ஊற்றுவார்கள். கீழே இருக்கும் திருகைக் கழற்றிப் பழையதை வடித்துவிட வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. ஊற்றிய எண்ணெயைக் கீழே விடுவது அவர்களுக்கு மனம் ஒப்பாத காரியமும்கூட.

அண்ணன் நாள்தோறும் இன்ஜினுக்குள் கம்பியை விட்டு எடுத்து, அந்த எண்ணெயையும் இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். முதல் பருவத்தின் முடிவில் அது தேன் போல இருந்தது. இரண்டாவது பருவத்தில் பாகு போல இழுத்தது. அவருக்கு மகிழ்ச்சி. "பதத்துக்கு வந்துக்கினு கீது" என்று சொன்னாராம்.

அந்தப் பருவத்தின் நடுவில் மாமா ஒரு டின் புது எண்ணெய் வாங்கி வந்தார். சென்னையில் பஸ்ஸுக்கு வாங்கும் அதே கடையில் வாங்கியது. டின்னைப் பஸ் கூரைமேல் வெயிலில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். கொட்டகையில் அதைத் திறந்தபோது நடந்த பேச்சை நான் மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டேன். மூவர் சொன்னதும் ஒத்துப்போனது.

அண்ணன் விரலை விட்டுப் பார்த்தார். "இன்னா மாப்ள, தண்ணி மாதிரி கீது?"

"புச்சு ஆயில் அப்டிதான் இருக்கும் மச்சான். வெயில்ல வேற வந்துக்கீது. பழச அடியோட எறக்கிட்டு இத ஊத்துங்க."

"நல்லா கெட்டியா கீறத எதுக்கு எறக்கணும்?"

"ஐய, இது இன்னா வெல்லமா, பதம் பாத்துக்கினு நிக்கறதுக்கு?"

கொட்டகையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமாவும் சிரித்தார். அண்ணனின் பதத்தைப் பற்றி அந்தக் கொட்டகையில் யாரும் அதற்கு முன் சிரித்ததில்லை. அவர் டின்னிலிருந்து கொஞ்சம் மட்டும் பழைய எண்ணெயின் மேல் ஊற்றிவிட்டு மூடினார்.

சில நாளில் இன்ஜின் நின்றது. காலையில் கிளப்பும்போதே ஓசை மாறியிருந்தது. வெயில் ஏறும் நேரத்தில் உள்ளே ஏதோ முட்டும் சத்தம் வந்தது, பெல்ட் கழன்று விழுந்தது, உருளைகள் பாதிக் கரும்பைக் கடித்தபடி நின்றன. கொப்பரையில் சாறு பாதி காய்ந்திருந்தது. வெளியே வெட்டிய கரும்பு கட்டுக் கட்டாகக் கிடந்தது. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் சாறு புளித்துவிடும். புளித்த சாற்றில் வெல்லம் கட்டாது. நான்கு குடும்பத்தின் கரும்பு அப்படிப் போயிற்று.

செய்தி கேட்டு மாமா லீவு போட்டு வந்தார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவரே இன்ஜினைத் திறந்தார். பேரிங் உருகியிருந்தது. உள்ளே எங்கும் கறுப்புக் களி. அவர் அதை விரலில் எடுத்துக் காட்ட வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொல்லிவிட்டார்.

"ஒன் ஆயில்தான்யா கெடுத்துட்ச்சி. கடக்காரன் இன்னா கலந்தானோ, நீ இன்னா கலந்தியோ."

அத்தனை வருடத்தில் அண்ணன் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. கரும்புக்காரர்கள், கட்டுத் தூக்குகிறவர்கள், அடுப்புக்காரர் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். மாமா கையைச் சக்கையில் துடைத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். அண்ணி கொண்டுவந்த மோரைக் குடிக்காமல் போனார்.

அப்போது எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்துக்காரரான முனிரத்தினம் ஒரு வார்த்தை சொன்னார். அன்று ஆந்திரத்தோடு இருந்த திருத்தணிப் பக்கத்தில், எங்களைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டமும் கோஷமுமாக இருந்த நேரம் அது. "வுடுங்கப்பா. ஆந்திரா மிஷினுக்கு மெட்ராஸ் ஆயில் ஒத்துக்கல" என்றார். கவலையோடு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் அதை நிறுத்தவும் இல்லை.

அந்த வார்த்தை பஸ் ஏறிப் போயிற்று. புத்தூரில் ஏறியது திருத்தணியில் இறங்கியது. மாமா டிப்போவுக்குள் நுழைந்தாலே, "வாய்யா, ஒத்துக்காத ஆயிலு" என்பார்களாம். விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆனால் பஸ் முதலாளி எண்ணெய் டின்களைத் தம் அறையில் பூட்டி வைக்க ஆரம்பித்தார். அதுவரை எண்ணெய்க்கான சாவியை வைத்திருந்தவர் மாமா. அவரிடமிருந்து சாவியை வாங்கும்போது முதலாளி காரணம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் வழக்கம்போல முதல் கொப்பரை வெல்லத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அக்கா வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாண்ணா, தண்ணி குடி. மூட்டைய வெளியவே வையி."

"வெல்லம் இன்னா பண்ணுச்சிமா?"

"அவரு துன்னாத வெல்லத்த நான் இன்னான்னு துன்றது? எடுத்துக்கினு போ."

அண்ணன் அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அந்த வெல்லத்தை விற்கவும் இல்லை, வீட்டில் எடுக்கவும் இல்லை. மழைக்காலத்தில் அது கசிந்து தரையெல்லாம் எறும்பு மொய்த்ததாக அண்ணி சொன்னார். அடுத்த ஆண்டும் கொண்டு போனார். அந்த ஆண்டும் திருப்பிக் கொண்டு வந்தார்.

மாமா வாங்கி வந்த டின்னில் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. அண்ணன் அதை இறுக மூடி, வீட்டில் நெல் கொட்டும் அறையில் வைத்திருந்தார். யாராவது பேச்செடுத்தால் டின்னைக் கொண்டுவந்து விரலை முக்கிக் காட்டுவார். "பாருங்க, தண்ணி." நான் ஊருக்கு வந்தபோது எனக்கும் காட்டினார். மாமா தப்பு செய்தார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்த டின்.

பேரிங் மாற்றி இன்ஜின் மறுபடி ஓடியது. இந்த முறை அண்ணன் யாரையும் நம்பவில்லை. திருப்பதிக்குத் தாமே போய், முத்திரை உடையாத டின்னாகப் பார்த்து வாங்கி, தம் கையால் ஊற்றினார். இரண்டு பருவம் ஓடியது. மூன்றாவதில் கம்பியை விட்டு எடுத்தபோது எண்ணெய் மறுபடி பாகு போல இழுத்தது. இன்ஜின் முட்ட ஆரம்பித்தது. அன்று அண்ணன் ஆட்டுவதை நிறுத்திவிட்டு, வெகுநேரம் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி சொன்னார். இம்முறை குற்றம் சொல்ல வேறு ஆள் இல்லை.

நான் லீவில் வந்திருந்தேன். "ஒனக்கு நாலு பேர தெரியுமே, இத எவன்கிட்ட கேக்கறது?" என்றார். ரேணிகுண்டா ஜங்ஷன் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரை எனக்குப் பழக்கம் உண்டு. அண்ணன் மூன்று பாட்டில்களில் எண்ணெய் எடுத்துக்கொண்டார். இன்ஜினில் கிடந்தது ஒன்று. திருப்பதியில் வாங்கியதில் மிச்சம் இருந்த புதிது ஒன்று. மூன்றாவது, மாமாவின் டின்னிலிருந்து எடுத்தது. அதை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

பட்டறைக்காரர் என் கையிலிருந்த பேப்பரை வாங்கி விரித்து, மூன்றிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு விட்டார். இரண்டு சொட்டுகள் பரவி, தாளை ஊடே பார்க்கிற மாதிரி ஆக்கின. இன்ஜினில் கிடந்ததன் சொட்டு மட்டும் நடுவில் கறுப்பு வட்டமாகவே நின்றது, பரவவில்லை.

"இது ரெண்டும் ஒண்ணுதான்" என்று மாமாவின் எண்ணெயையும் புதிதையும் காட்டிவிட்டுக் கறுப்பு வட்டத்தைத் தொட்டார். "இது சிக்கபடிந்தி, அந்தே. கெட்டிப்பட்டுட்ச்சி, அவ்ளோதான்."

"கெட்டிப்பட்டா நல்லதுதானே?" என்றார் அண்ணன்.

அவர் அண்ணனின் கையைப் பார்த்தார். "வெல்லம் காச்சறவரா?"

"ஆமா."

"வெல்லத்துல தண்ணி வெளிய போவுது, சாரம் நிக்குது. இதுல காத்து உள்ள வருது, சாரம் போவுது. ரெண்டும் கெட்டியாதான் ஆவும்."

பிறகு அவர் சொன்னவற்றை, நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். எண்ணெய் சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். அது எந்த எண்ணெய்க்கும் உள்ள இயல்பு. அதில் கேடு இல்லை. வெயிலில் வந்த டின் தண்ணியாக இருந்ததும் அதனால்தான். ஆனால் எண்ணெய் அளவுக்கு மீறிய சூட்டிலேயே நாள் கணக்கில் கிடந்தால், காற்றில் உள்ள பிராணவாயு அதோடு சேர்ந்துகொள்கிறது. அப்போது எண்ணெயின் தன்மையே மாறுகிறது. அது புளிக்கிறது, பிசினாகிறது, களியாகப் படிகிறது. ஆறிய பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. சூடு ஏற ஏற அதன் ஆயுள் பாதி பாதியாகக் குறையும். அப்படிக் கெட்டிப்பட்ட எண்ணெய், மசகு போட வேண்டிய சந்துகளுக்குள் போகாது; துளைகளை அடைத்துக்கொள்ளும். இன்ஜின் நிறைய எண்ணெய் இருக்கும்போதே பேரிங் காய்ந்து உருகும்.

அண்ணன் ஒன்று மட்டும் கேட்டார். "பழசு மேல புச்சு கொஞ்சம் ஊத்தினா? புச்சு பழச கெடுக்குமா?"

"புச்சு எதுக்கு கெடுக்குது? பழசுதான் புச்ச கெடுக்கும். பால்ல ஒற ஊத்தற மாதிரி. கொஞ்சூண்டு பழசு அடியில இருந்தா போதும்." பிறகு மாமாவின் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது நல்ல ஆயில். எங்க வாங்கனது?"

"மெட்ராஸ்" என்று நான் சொன்னேன்.

புத்தூர் பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பிறகு, "டின்ன வச்சிக்கினு ஊருக்கெல்லாம் காட்னேன்டா" என்றார்.

அடுத்த வாரம் வெறுங்கையோடு அக்கா வீட்டுக்குப் போனார். மாமா வண்டியில் போயிருந்தார். ரேணிகுண்டாவில் கேட்டதை அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னார். அக்கா அழுதாராம். "இத அவருகிட்ட சொல்றேன். நீ வந்து சொன்னதே போதும்ணா" என்றார்.

"போதாதும்மா. கானுகயில, அத்தன பேரு எதிர்ல சொன்னேன். அங்கயே, அவங்க எதிர்லயே சொல்லணும். இங்க வந்து ரகசியமா சொன்னா, கெட்ட பேரு அங்க அப்டியேதான் நிக்கும்."

ஊர்க்காரர்கள் எல்லாரும் கொட்டகையில் ஒன்று கூடுவது முதல் கொப்பரை அன்றுதான். அந்த நாளுக்காக அவர் காத்திருந்தார். அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்தார். பழைய மேடையை இடித்தார். அடுப்பிலிருந்து தள்ளி, அனல் வராத பக்கத்தில், புது சிமெண்டு மேடை போட்டார். இன்ஜினைப் பொருத்துவதற்கான போல்ட்டுகளை அதில் நட்டார். அந்த வேலையின்போதுதான் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பல வருடம் சக்கைப் புகையில் நின்றவர், இதுவும் அதுதான் என்று விட்டுவிட்டார். ஆடி முடிவதற்குள் நாலு அடி நடந்தால் உட்கார வேண்டியதாயிற்று. சித்தூரில் காட்டினோம். அங்கிருந்து திருப்பதிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இதயம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அவர் யாரையும் எதற்கும் தொந்தரவு செய்ததில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மகன் கரும்பு போட்டிருக்கிறான் என்று தெரிந்து, எந்த மாதம் வெட்ட வேண்டும் என்று மூச்சு வாங்கிக்கொண்டே தெலுங்கில் சொல்லிக் கொடுத்தார். கோயிலுக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரி வழியாகக் கூட்டமாக நடந்து போகும் சத்தம் கேட்கும். மலைக்குப் போய்வரலாமா என்று அண்ணி கேட்டதற்கு, "கானுக ஆரம்பிக்கட்டும்" என்றார்.

அக்காவும் மாமாவும் ஒரு பகல் வந்தார்கள். நான் அப்போது கட்டிலருகே இருந்தேன். மாமா கால்மாட்டில் நின்றார். அண்ணன் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"படுங்க மச்சான். பேச வாணாம்."

"மாப்ள. கானுக வக்கிற அன்னிக்கு நீங்க வரணும்."

"வர்றேன்."

"அங்க ஒரு பேச்சு கீது."

"எனக்கு தெரியும் மச்சான். அவ சொன்னா. இப்ப இன்னாத்துக்கு அது?"

"இல்ல. அங்க."

மாமா தலையை ஆட்டினார். அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார். எழுதுகிற பழக்கத்தால் நான் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கால் மணி நேரம்கூட இருக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அண்ணன் அங்கேயே சொல்லியிருக்கலாம். கேட்க வேண்டியவர் எதிரே நின்றார். ஆனால் அவரைப் பொறுத்தவரை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொல்வது பரிதாபம் கேட்பதாகிவிடும். தம் காலில் நின்று, அதே இடத்தில் சொல்ல வேண்டும். பாகை ஒரு நொடி முன்னால் இறக்காதவர், இதையும் முன்னால் இறக்கவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். கரும்பு வெட்ட இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது.

அந்த ஆண்டு பொங்கல் எங்களுக்கு இல்லை. ஆனால் கரும்பு துக்கம் பார்க்காது; வெட்ட வேண்டிய நாளில் வெட்டித்தான் ஆக வேண்டும். மார்கழியில், யாரும் அழைக்காமல், மாமா லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அக்காவோடு வந்து இறங்கினார். புது மேடையில் போல்ட்டுகள் துருப் பிடிக்காமல் இருக்க அண்ணன் துணி சுற்றி வைத்திருந்தார். மாமா அந்தத் துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். இன்ஜினைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். ஒரு நூல்கூட விலகாமல் உட்கார்ந்தது. பழைய எண்ணெயை அடியோடு வடித்து, உள்ளே இருந்த களியைச் சுரண்டிக் கழுவினார். பிறகு அண்ணியைப் பார்த்து, "அந்த டின்னு இன்னும் கீதா?" என்று கேட்டார்.

அண்ணி நெல் அறையிலிருந்து டின்னை எடுத்து வந்து கொடுத்தார். அண்ணன் ஊருக்கெல்லாம் காட்டிய அதே டின். மாமா அதை இன்ஜினில் ஊற்றினார். இன்ஜின் திறந்த நாளில் அங்கே நின்ற அத்தனை பேரும் அன்றும் நின்றார்கள். முனிரத்தினமும் நின்றார். நான் அண்ணன் சொல்ல வேண்டியதைச் சொல்ல முன்னால் வந்தேன். மாமா என் தோளைத் தொட்டார். "வேல நடக்கட்டும்டா. அவரு பேச்சு அது. நீ பேசி நான் கேக்கறதா?" என்றார். நான் ஒதுங்கி நின்றேன். இன்ஜின் கிளம்பியது. பருவம் முடியும் வரை அது ஒருநாளும் முட்டவில்லை.

முதல் கொப்பரையை யார் இறக்குவது என்று தயங்கி, கடைசியில் அண்ணியே பதம் பார்த்து இறக்கினார். கொஞ்சம் முந்திவிட்டது, வெல்லம் இளக்கமாகத்தான் இருந்தது. அக்கா அதில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு எல்லை முடிவாகி, திருத்தணி சென்னை மாநிலத்தோடு போயிற்று. எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. அண்ணன் மூட்டையோடு நடந்த பாதையில் இப்போது ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது. இந்த மலர் இரண்டு பக்கமும் போகிறது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், அவருடைய கட்டிலைச் சுத்தமாக வைத்திருந்த அம்மாள்களுக்கும் எங்கள் நன்றி. உடலை ஊருக்குக் கொண்டுவர வேன் கொடுத்து உதவியவருக்கும், அன்று தோட்ட வேலையை நிறுத்திவிட்டு வந்த, இன்ஜினில் பங்குள்ள மூன்று குடும்பத்தாருக்கும், பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர்களில் ஒருவரான முனிரத்தினத்துக்கும் நன்றி. ரேணிகுண்டா பட்டறைக்காரர் எண்ணெயைப் பார்த்துச் சொன்னதற்குக் கூலி வாங்கவில்லை, அவருக்கும் நன்றி.

நான் வேலை செய்யும் தினசரியில் ஒரு வழக்கம் உண்டு. தவறான செய்தி யார் கையிலெல்லாம் போயிற்றோ, திருத்தமும் அவர்கள் எல்லார் கைக்கும் போக வேண்டும். எனவே கொட்டகையில் அன்று இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும், மாமாவின் பஸ் டிப்போவுக்கும், அந்தப் பஸ் முதலாளிக்கும் இந்த மலரின் பிரதி ஒன்று போகிறது. அண்ணன் தம் காலில் நின்று சொல்ல நினைத்ததை அவருடைய தம்பி அவர் பெயரால் இங்கே எழுதுகிறேன். மாமா இதைப் படிக்கும்போது அது அண்ணனின் பேச்சாகவே இருக்கட்டும்.

மாப்ள, நீங்க கொண்டாந்தது நல்ல ஆயில்தான்.